மூன்றாவது படியில் அரை நிமிடம்

என் படங்களில் ஆள் இருக்க மாட்டார்கள். அதுதான் என் தொழில், அதுதான் எனக்குக் கிடைத்த பெயரும். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறேன். காலண்டர் போடுகிறவர்களும் பயணப் பத்திரிகைக்காரர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். கடைத்தெரு இருக்கும், ஆள் இருக்காது. பாலம் இருக்கும், ஆள் இருக்காது. பார்க்கிறவன் தன்னையே அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும், அதற்கு இடம் காலியாக இருந்தாக வேண்டும் என்று எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் சொன்னார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முப்பது வருடமாக “கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க” என்று கத்தியே என் தொண்டை கெட்டுப்போயிருக்கிறது.

எத்தனையோ ஊர் பார்த்தாகிவிட்டது. மனதுக்குப் பிடித்த ஊர் என்றால் ஒன்றுதான். துறைமுக ஊர். கடல் ஊருக்குள் நீளமாகப் புகுந்து ஊரை இரண்டாகப் பிரித்திருக்கும். இந்தக் கரையில் தகரக் கூரைக் கிடங்குகள், பனிக்கட்டி உடைக்கிற கொட்டகை, கயிறும் பெயின்டும் விற்கிற கடைகள். அந்தக் கரையில் அலுவலகங்கள், மணிக்கூண்டு. நடுவே ஒரு படகு நாள் முழுக்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வரும். காலையில் வெயில் தண்ணீரில் பட்டு, அந்த வெளிச்சம் கிடங்குச் சுவர்களில் ஏறும். நான்கு நிமிடம், எண்ணி நான்கே நிமிடம், சுவர் முழுக்கத் தளும்பிக்கொண்டிருக்கும். பிறகு சாதாரணச் சுவர், சாதாரணக் காலை, மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே போகிற கூட்டம். அந்த நான்கு நிமிடத்துக்காகப் பதின்மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு வருடம் போகவில்லை. அந்த ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

படகை ஓட்டியவரின் வீட்டு மாடியில்தான் எப்போதும் தங்குவேன். முதல் வருடம் எங்கேயும் அறை கிடைக்காமல் படித்துறையில் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை போய் வந்த பிறகும் நான் அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரை அண்ணே என்றேன். அவர் மனைவியை வாய் தவறி அக்கா என்றுவிட்டேன். முறைப்படி பார்த்தால் இரண்டு பேரையும் உடன்பிறந்தவர்கள் ஆக்கிவிட்டேன். “தம்பி, இருபது வருஷக் கல்யாணத்தை ஒரே வார்த்தையில செல்லாதுன்னு ஆக்கிட்டீங்களே” என்றார் அண்ணன். அதற்காக முறையை மாற்றவும் இல்லை. அண்ணன் அண்ணன்தான், அக்கா அக்காதான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கீழே ஒரு அறை, ஒரு சமையலறை. முன் அறையில் அக்காவின் தையல் இயந்திரம். துறைமுகத் தொழிலாளர்களின் சீருடைக்கு விளிம்பு அடிப்பது, பொத்தான் வைப்பது, கிழிசல் தைப்பது அக்காவின் வேலை. மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, படித்துறையைப் பார்த்த ஒரு ஜன்னல். தினமும் மத்தியானம் அந்த மேஜையில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றுவேன். தேறுகிற ஒன்றை, கேமராவில் விழுந்தது விழுந்தபடியே, எடுத்து வைப்பேன். ஆள் விழுந்த படங்களை அப்போதே அழித்துவிடுவேன். வீட்டைப் பெருக்குகிறவர்கள் குப்பையைச் சேர்த்து வைப்பார்களா? எனக்கு அது அப்படித்தான்.

நான் எடுக்கிற முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அரை நிமிடம் கேமராவைத் திறந்து வைப்பேன். அந்த அரை நிமிடத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். எது அசையாமல் நிற்கிறதோ அதுதான் விழும். ஒருநாள் இதை அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். அவரால் நம்ப முடியவில்லை. படகு நிறைய ஆட்கள் இறங்கிப் போன படத்தைக் காட்டினேன். படிகள் கழுவி விட்ட மாதிரி காலியாக இருந்தன. “இத்தனை பேர் போனாங்களே தம்பி, ஒருத்தர் கூடவா இல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அப்போ ஆடாம நின்னா நான் விழுவேன்” என்றார். விழுவீங்கண்ணே, ஆனா நிக்காதீங்க என்று சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வருடம் நின்றார்.

முதல் படகு கிளம்புவதற்கு முந்தைய நேரம். சுவரில் வெளிச்சம் ஏற ஆரம்பித்துவிட்டது. நான் கேமராவைத் திறந்த நேரத்தில் அண்ணன் கயிற்றைக் கட்டிவிட்டு, முழங்கால் வரை நனைந்த காலோடு ஏறி வந்து, மூன்றாவது படியில் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நான்கு நிமிடத்தில் ஒரு நிமிடம் பாழ். கேமரா மூடியதும் கத்தினேன். “என்னண்ணே விளையாட்டு இது? மனுஷன் வேலை பார்க்கிறது தெரியல? தள்ளுங்க!” அண்ணன் தலையைச் சொறிந்தார், சிரித்தார், தள்ளிப் போனார். அதற்கு அடுத்து எடுத்த படம்தான் பெரிய காலண்டரின் அட்டையில் வந்தது. எனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த படம் அதுதான். அவர் நின்ற படத்தை மத்தியானம் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் பார்த்தேன். அழித்துவிட்டேன்.

மறு வருடம் அந்தக் காலண்டர் அட்டையைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் முன் அறைச் சுவரில் மாட்டிவிட்டு நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். “நான் நின்னது வேற படமா தம்பி?” என்று கேட்டார். ஆமாம், அது வேறு படம் என்றேன். “பத்திரமா இருக்குல்ல?” என்றார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இருக்கு இருக்கு என்றேன். ஒரு பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சொல், ஒரு வாய் டீ, அவ்வளவுதான்.

அதற்கடுத்த வருடம் வேறு ஊரில் வேலை வந்துவிட்டது, போகவில்லை. இந்த வருடம் கிளம்புவதற்கு முன் வழக்கம்போல அண்ணன் எண்ணுக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்தார். “வாங்க தம்பி, அறை இருக்கு” என்று மட்டும் சொன்னார். அண்ணன் எங்கே என்று நானும் கேட்கவில்லை. தண்ணீரில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, படித்துறையிலிருந்தே “அண்ணே, பெட்டியைப் பிடிங்க” என்று குரல் கொடுத்தேன். சுக்கானைப் பிடித்திருந்தது யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள். பழையவர் எங்கே என்றேன். அவர் போய் எட்டு மாசம் ஆகுதே, உங்களுக்குத் தெரியாதா என்றான். இந்தக் கரைக்கு வந்து சேருகிறவரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கதவைத் திறந்தபோது அழவில்லை. தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து வந்து, பெட்டியை வாங்கி வைத்து, டீ போட்டுக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மத்தியானப் படகாம். பாதி வழியில் அண்ணனுக்கு நெஞ்சில் வலி வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. படகைக் கரைக்குக் கொண்டுவந்து, எல்லாரும் இறங்கும்வரை நின்று, பார்த்து இறங்குங்க, பார்த்து இறங்குங்க என்று சொல்லியிருக்கிறார். கயிற்றை எடுத்துத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பலகையில் உட்கார்ந்தாராம். ஆள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அக்கா அழுது முடித்தவர், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுவரைக் கவனித்தேன். காலண்டர் படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்து ஒரு ஃபிரேம் மாட்டியிருந்தது. கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“உங்களுக்காகத்தான் தம்பி காத்திருக்கேன்,” என்றார் அக்கா. “அவரு படம் உங்ககிட்டத்தானே இருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவுடனே சொன்னாரு. அரை நிமிஷம் மூச்சு விடாம நின்னேன், தம்பி திட்டிட்டாரு, ஆனா படத்துல விழுந்துட்டேன்னு. எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு தெரியுமா?”

வேறு படம் எதுவும் இல்லையா அக்கா என்று கேட்டுப் பார்த்தேன். கல்யாணப் படம் ஒன்று இருந்ததாம், ஈரம் ஏறிப் பாதி முகம் போய்விட்டது. படகுத்துறை அடையாள அட்டை ஒன்று இருந்தது. எடுத்துக் காட்டினார். பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தி வைத்த ஆள் மாதிரி அதில் அண்ணன் விழித்துக்கொண்டிருந்தார். இது அவரே இல்லை என்றார் அக்கா. இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே ஒரு போன், அதுவும் கேமரா இல்லாத பொத்தான் போன். ஒரு படம் எடுத்துக்கலாம் வாங்க என்று கடைவீதி ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம், “நம்ம தம்பி எடுத்திருக்காரே, அதைவிடவா இவன் எடுத்துடப் போறான்?” என்பாராம்.

தேடிப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன். என்ன தேட? அழித்தது எனக்குத் தெரியும். ஆனாலும் மாடியில் உட்கார்ந்து மூன்று நாள் தேடினேன். ஒருவேளை வேறு ஏதாவது படத்தில், ஒரு மூலையில், முதுகாவது, கையாவது விழுந்திருக்காதா என்று பார்த்தேன். அத்தனை வருடப் படங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். கிடங்குகள், பனிக்கட்டிக் கொட்டகையின் ஈரத் தரை, மழையில் கறுத்த படிகள், மூடுபனியில் பாதி தெரிகிற மணிக்கூண்டு, கரையில் கட்டிய படகு. ஓட்ட ஆள் இல்லாத படகு. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறேன்! ஒரு ஜீவன் கிடையாது. இந்த ஊர் எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் வெளிச்சம் என்று சொல்லுவேன். பொய். இறங்கினதும் பெட்டியைப் பிடிக்க ஒருவர் இருந்தார், அதனால் பிடித்தது. அந்த மனுஷனை வருடா வருடம் தள்ளி நிறுத்திவிட்டு, அவர் நின்ற இடத்தைப் படம் எடுத்து விற்றிருக்கிறேன். என் கையாலேயே என்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான்காம் நாள் கணினி பழுது பார்க்கிற கடைக்குப் போனேன். அழித்த படத்தை மீட்க முடியுமா என்று கேட்டேன். கேமராவின் பழைய கார்டுகளை எல்லாம் வாங்கி ஒரு பகல் முழுக்கப் பார்த்தார் கடைக்காரர். அதன் மேலேயே நூறு தடவை புதுப் படங்கள் ஏறிவிட்டன சார், எதுவும் மிச்சம் இல்லை என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

படம் கிடைத்ததா என்று அக்கா ஒரு நாளும் கேட்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் மாடிப்படி இறங்கினால் இயந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனால் மறுபடி தைக்க ஆரம்பித்துவிடுவார்.

அப்போதுதான் எனக்குக் கேவலமான புத்தி ஒன்று தோன்றியது. படத்தில் இருக்கிறதை இல்லாமல் செய்வதில் நான் கெட்டிக்காரன். இல்லாததை இருக்கச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? அடையாள அட்டை முகத்தை எடுத்து, அந்தப் படியில் நிறுத்திக் கொடுத்துவிட்டால் என்ன? அக்காவுக்குத் தெரியவா போகிறது? அட்டையை நகல் எடுத்துக்கொண்டேன். அண்ணனை நிறுத்துவதற்குக் காலண்டர் படம் வேண்டும். அச்சுக்குக் கொடுத்த படத்தைத் தொடாமல், கேமராவில் விழுந்தபடி இருந்த மூலப் படத்தைத் திறந்தேன்.

மூன்றாவது படியைப் பெரிதாக்கினேன். காய்ந்த கல்லில் இரண்டு ஈரச் சுவடுகள்.

அச்சுக்கு அனுப்பும்போது, ஏதோ தண்ணீர்க் கறை என்று அதையும் துடைத்து எடுத்தவன் நான்தான். இப்போது நன்றாகப் பார்த்தேன். கறை இல்லை, பாதம். வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி இருந்தது. எந்தக் காலத்திலோ கயிறு இழுத்துச் சுளுக்கிய கால் அது. அண்ணன் அப்படித்தான் நிற்பார், அப்படித்தான் நடப்பார். குதிகாலுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டித் தேங்கியிருந்தது. அரை நிமிடம் அசையாமல் நின்றால்தான் அவ்வளவு தேங்கும். அவர் தள்ளிப் போன ஈரம் காய்வதற்குள் நான் அந்தப் படத்தை எடுத்திருக்கிறேன். அடையாள அட்டை நகலைக் கிழித்துப் போட்டேன்.

கடைவீதிக்குப் போய், அந்தப் படத்தைத் தொடாமல், துடைக்காமல், ஃபிரேம் அளவுக்கு அச்சுப் போட்டு வாங்கி வந்தேன். அக்கா நீல நிறச் சட்டை ஒன்றுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என் கையில் உறையைப் பார்த்ததும் இயந்திரம் நின்றது. எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

கொடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். அவர் நின்ற படம் இல்லை அக்கா, அன்றைக்கே அழித்துவிட்டேன், இருக்கு என்று அண்ணனிடம் சொன்னது பொய், அவர் அதை நம்பிக்கொண்டே போய்விட்டார் என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அக்கா உட்கார்ந்துவிட்டார். தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே படகு கரைக்கு வந்து, ஆட்கள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

பிறகு கையை நீட்டினார். உறையைக் கொடுத்தேன். படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். நான் எதையும் சுட்டிக் காட்டவில்லை. கிடங்குச் சுவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், படிகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது படியில் விரல் நின்றது. இடது சுவட்டின் மேல் நின்றது.

“சொன்ன உடனே தள்ளிப் போயிட்டாரா?” என்று கேட்டார்.

“உடனே போயிட்டாருக்கா.”

“அவரு அப்படித்தான்” என்றார் அக்கா. எழுந்து ஃபிரேமைக் கழற்றி, பின்பலகையைத் திறந்து, படத்தை உள்ளே வைத்தார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சுவடு தெரியவில்லை. படி மட்டும்தான் தெரிந்தது. மறுபடி கிட்டே போனார்.

“அந்தப் படத்தை நீங்க பார்த்தீங்கல்ல?” என்றார், திரும்பாமலே.

பார்த்தேன் என்றேன்.

“எப்படி இருந்தாரு?”

உலகத்திலேயே அந்தப் படத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மாடி மேஜை, மத்தியானம், திரை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பின்னால் படகு ஆடி ஆடி மங்கலாகிவிட்டது, அண்ணன் மட்டும் தெளிவாக விழுந்திருந்தார் என்றேன். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். வெளுத்த சட்டை. சட்டைப் பையின் ஓரம் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது.

“வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு அன்னைக்கு,” என்றார் அக்கா. “அப்புறம்?”

“வாயை இறுக்கமா மூடியிருந்தாருக்கா. சிரிப்பை அடக்கிக்கிட்டு.”

“கண்ணு?”

கண்ணைப் பற்றி யோசித்தேன். அரை நிமிடம் ஆகிறதே, நடுவில் இமைத்திருப்பார், கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கும். அப்படித்தான் விழும். ஆனால் நான் பார்த்தேனா? மேஜை ஞாபகம் வந்தது. அழிக்கிற பொத்தானில் இருந்த என் விரல் ஞாபகம் வந்தது. கண் ஞாபகம் வரவில்லை. எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கண்ணைப் பார்க்கலக்கா,” என்றேன். “கொஞ்ச நேரம்தான் பார்த்தேன்.”

அக்கா தலையாட்டினார். ஃபிரேமின் கண்ணாடியில் பட்டிருந்த விரல் தடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம் தம்பி,” என்றார். அதில் கோபம் இல்லை. போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, பாதியில் விட்ட சட்டையை எடுத்து, ஊசிக்கு நூல் கோக்க ஆரம்பித்தார்.